தாவணியும் பஃப் கை ரவிக்கையும்: ஓர் ஏக்கத்தின் உள்மடிப்பு

பழைய ஆடைகளின் மீது இன்று எழுந்துள்ள மோகத்தைப் பற்றிச் சிறிது எழுதலாம் என்று தோன்றுகிறது. கைப்பகுதி புடைத்து நிற்கும் ரவிக்கை, கணுக்கால் வரை புரளும் பாவாடை, அதன்மேல் ஒரு தாவணி, இரட்டைச் சடை, வாயில் புடவை, கழுத்தை ஒட்டிய ஒற்றை வடம் என்று 1950-களின் பெண்கள் எப்படித் தோன்றினார்களோ அப்படித் தோன்ற வேண்டும் என்னும் விருப்பம் சில ஆண்டுகளாகவே இளம்பெண்களிடம் வளர்ந்து வருகிறது. சாவித்திரியின் வாழ்க்கையைச் சொல்லும் 'நடிகையர் திலகம்' 2018-இல் வெளிவந்தபோது இந்த விருப்பத்திற்கு ஓர் உருவம் கிடைத்தது. அதன் தெலுங்கு மூலமான 'மகாநடி'க்குக் கீர்த்தி சுரேஷின் நடிப்புக்கான தேசிய விருதோடு, 2019-இல் அறிவிக்கப்பட்ட சிறந்த ஆடை வடிவமைப்புக்கான தேசிய விருதும் சேர்ந்து கிடைத்ததை நண்பர்கள் அறிந்திருக்கலாம். இந்திராட்சி பட்நாயக், கௌரங் ஷா, அர்ச்சனா ராவ் ஆகிய மூவர் அவ்விருதைப் பகிர்ந்துகொண்டனர்.

அந்த ஆடைகளைத் திரையில் பார்த்தபோது நமக்கு ஓர் எண்ணம் எழுந்தது. நாம் அறிந்த சாவித்திரியும் பத்மினியும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களில் வாழ்ந்தவர்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வெளிவந்ததே 1956-இல்தான். அதன் பிறகும் பல ஆண்டுகள் வண்ணம் என்பது அருமையாகவே இருந்தது. ஆகவே 'மிஸ்ஸியம்மா' (1955) படத்துப் புடவையின் நிறம் என்ன என்று நம்மில் யாருக்கும் தெரியாது. சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கங்களைத்தான் நாம் கண்டோம். நிறத்தை நாமே ஊட்டிக்கொண்டோம். பழைய ஆடையின் மீது கொள்ளும் ஏக்கமும் இத்தகையதே. பாதி அங்கே இருந்தது. மீதி நாம் பூசியது. எது இருந்தது, எது பூசியது என்று பிரித்தறிய முடியுமா என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

குரும்பகரம் காரைக்கால் மாவட்டத்தில் நெடுங்காட்டை அடுத்த வயல்சூழ் ஊர். காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று, 1954 நவம்பர் 1-இல் இந்தியாவின் நிர்வாகத்திற்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்தது. நாம் பேசுகிற ஆடைகளின் காலமும் ஏறத்தாழ இந்த இடைக்காலந்தான். இவ்வூர்ப்புறத்தின் பழைய வீடுகளில் இன்றும் சுவரில் தொங்கும் புகைப்படங்களைப் பார்த்தால், ஒரு குறிப்பிட்ட படம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வயதுக்கு வந்த பெண்ணோ வளைகாப்பு முடிந்த பெண்ணோ நிலைக்கண்ணாடிக்கு முன்னே நிற்பாள். முகம் நம்மை நோக்கியிருக்கும். பூத்தைத்த சடை கண்ணாடியில் தெரியும். பக்கத்தில் உயரமான முக்காலி, அதன்மேல் காகிதப்பூச் செண்டு, பின்னால் வரைந்த திரைச்சீலையில் யாரும் கண்டிராத ஒரு மாளிகையின் படிக்கட்டு. அந்தப் பெண்ணின் தோளில் ரவிக்கைக் கை இரண்டு சிறு குடங்களைப் போல் புடைத்திருக்கும்.

அந்த ஆடையின் உறுப்புகளைத் தனித்தனியே எடுத்துப் பார்ப்போம். பாவாடை என்ற சொல்லுக்குத் தமிழ்ப் பேரகராதி தரும் பொருள்களுள் ஒன்று, பெரியோர் நடந்துவரத் தரையில் விரிக்கும் துணி. 'பாவுதல்' பரப்புதல். தெய்வத்திற்குத் துணி விரித்துப் படைக்கும் சோற்றுக்கும் அப்பெயர் உண்டு. நடைவழியில் விரித்த துணி சிறுமியின் இடைக்கு ஏறிய கதையை நாம் விரித்துரைக்க இயலாது. ஆனால் சிறுமி சுழன்று உட்காரும்போது பாவாடை வட்டமாகத் தரையில் பரவுவதைக் கண்டவர்களுக்கு அச்சொல் பொருத்தமாகவே படும்.

அந்தப் பாவாடையின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று விரல் அகலத்திற்குத் துணியை உள்ளே மடித்துத் தைத்திருப்பார்கள். 'டக்' பிடிப்பது என்று அதற்குப் பெயர். பெண் வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்தில் துணியின் பழைய நிறம் வெளுக்காமல் ஒரு கோடாகத் தெரியும். ஒரே பாவாடை மூன்று தீபாவளிகளைக் கடந்தது என்பதற்கு அந்தக் கோடே சாட்சி. தாவணியோ பல வீடுகளில் கடையிலிருந்து வந்ததில்லை. அம்மாவின் புடவையில் முன்பக்கம் நைந்துபோன பிறகு, நைந்த பகுதியை நீக்கி நல்ல பகுதியைக் கிழித்து ஓரம் அடித்துக் கொடுப்பதே தாவணி. அம்மாவின் வாசனையோடு வருகிற துணி அது. இன்று கடையில் 'ஆஃப் சாரி செட்' என்று ஜரிகை மின்ன வாங்குவதில் இல்லாதது இந்தச் சிக்கனத்தின் உறவுதான். ஏக்கத்தில் மெய்யான பாதி எது என்று கேட்டால், இதைத்தான் நாம் முதலில் சொல்வோம்.

*

இனி, இந்த ஆடை நம் மரபுதானா என்று பார்க்க வேண்டும்.

துணியைக் குறிக்கும் நம் பழைய சொற்கள் பல வெட்டுதலோடு தொடர்புடையவை. அறுப்பதால் அறுவை, துணிப்பதால் துணி, துண்டிப்பதால் துண்டு, கூறுபடுத்துவதால் கூறை. தறியிலிருந்து ஒருமுறை அறுத்தெடுத்தால் போதும்; அதன்பின் கத்தரிக்கு வேலையில்லை. உடம்பைச் சுற்றியும் கொசுவியும் செருகியும் அணிவதே வழக்கம். பொருநராற்றுப்படை பாம்பின் சட்டையைப் போல் மெல்லிய அறுவையைப் பேசுகிறதே தவிர, அதைத் தைத்ததாகப் பேசவில்லை. முல்லைப்பாட்டில் 'மெய்ப்பை' அணிந்து வருகிறவர் யவனர். அதாவது உடம்பைப் பையில் இடுவது போன்ற ஆடை அன்று அயலாரின் அடையாளம். சிலப்பதிகாரம் புகார் நகரத்தில் துன்னகாரர் இருந்ததைச் சொல்வதால் தையல் அறியாதவர்கள் நாம் என்றும் கூறிவிட முடியாது. ஆனாலும் தைத்த ஆடை பெண்களின் அன்றாட உடையாக ஊரெங்கும் பரவியது மிக அண்மைக் காலத்தில்தான்.

நம் அப்பாயி தலைமுறையினர் கட்டியது பதினெட்டு முழப் புடவை. பின்கொசுவம் வைத்து, இடுப்பைச் சுற்றி இறுக்கி, குனிந்து நிமிர ஏற்றவாறு கட்டுவார்கள். அதற்கு உள்பாவாடை தேவைப்படவில்லை; கெட்டியான நூலும் பல சுற்றும் போதுமானவை. ரவிக்கை அணிந்தவர்கள் பெரும்பாலும் முடிச்சு ரவிக்கை அணிந்தார்கள். கொக்கி இல்லை, பித்தான் இல்லை; முன்னால் இரு முனைகளையும் சேர்த்து முடிந்துகொள்வதோடு சரி. கைம்பெண்களுக்குச் சில சாதிகளில் அதுவும் மறுக்கப்பட்டது.

பிறகு ஆறு கெஜப் புடவை வந்தது. வாயில் என்ற மெல்லிய மில் துணி வந்தது. மெல்லிய புடவையை ஒற்றைச் சுற்றாகக் கட்டினால் உடல் தெரியும். எனவே உள்பாவாடையும் அளவெடுத்துத் தைத்த ரவிக்கையும் அதனோடு கூடவே வந்தாக வேண்டியிருந்தது. உள்பாவாடையின் நாடா கிடைத்ததும் கொசுவம் பின்னிருந்து முன்னுக்கு வந்து அந்த நாடாவில் செருகிக்கொண்டது. தெருமுனையில் சிங்கர் தையல் இயந்திரத்தை மிதிக்கும் தையற்காரர் இதற்கெல்லாம் வழிசெய்தார். ஆக, நாம் இன்று 'அந்தக் காலத்துப் பாங்கு' என்று போற்றுவது அந்தக் காலத்தில் புதுப்பாணி. மில்லும் தையல் இயந்திரமும் இல்லாமல் அது இல்லை.

பஃப் கையைச் சொல்லவே வேண்டாம். அது ஐரோப்பாவில் 1890-களில் ஒருமுறை பெருத்து, சிறுத்து, 1930-களில் மீண்டும் பெருத்தது. 1932-இல் ஜோன் கிராஃபோர்டு 'லெட்டி லிண்டன்' படத்தில் அணிந்த கையின் புடைப்பை அமெரிக்கக் கடைகள் போட்டிபோட்டுப் பிரதியெடுத்து விற்றன. ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறித்தவப் பள்ளி ஆசிரியைகளும் அணிந்த கவுனின் கை, புடவைக்குள் இருந்த ரவிக்கைக்கு இடம்பெயர்ந்தது என்றே கொள்ளலாம். காரைக்காலில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு. சைகோனுக்குப் போய்வந்த குடும்பங்களும் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய 'சொல்தா' வீடுகளும் இங்கே இருந்தன. பெண்களுக்கான பிரெஞ்சு மோஸ்தர்கள் அவ்வீடுகளின் பெட்டிகளில் வந்திறங்கியிருக்க வாய்ப்பு மிகுதி.

துணியின் பயணம் ஒருவழிப் பயணமும் அன்று. புதுச்சேரிப் பகுதியில் நெய்து நீலச்சாயம் தோய்த்த 'கினி' துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறி, செனகல் பகுதியில் பண்டமாற்றுக்குப் பணமாகவே வழங்கியது. 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை புதுச்சேரியின் பெருமையாக விளங்கி 2020-இல் மூடப்பட்டது. நாம் உடுத்த ஒவ்வொரு முழத்திலும் கடலும் கப்பலும் இருக்கின்றன.

மில் துணி பெருகப் பெருகக் கைத்தறி நலிந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நாம் ஏங்குகிற அதே 1950-களின் தொடக்கத்தில் நெசவாளர்கள் நெய்த துணி விற்காமல் பட்டினி கிடந்தார்கள். புடவையையும் வேட்டியையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று அன்று முதலமைச்சராயிருந்த இராஜாஜி வாதிட்டார். 1953-இல் அண்ணாவும் கழகத் தோழர்களும் கைத்தறித் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார்கள். அரசியலில் எதிரெதிரே நின்ற இருவரும் தறியின் பக்கம் நின்ற காலம் அது. வீட்டுப் பெண்களின் மனமோ வாயில் புடவையின் பக்கம் சாய்ந்திருந்தது. இலேசாக இருந்தது, எளிதில் உலர்ந்தது, பூப்போட்டிருந்தது. அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை.

காரைக்காலுக்கு அதிகத் தொலைவில் இல்லாத மயிலாடுதுறையின் ஒரு பகுதியே கூறைநாடு. பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு நெய்த அவ்வூர்ப் புடவைதான் திருமணக் கூறைப்புடவைக்குப் பெயர் தந்தது என்பர். கூறை என்ற சொல்லே ஆடையைக் குறிப்பதால் ஊருக்குப் பெயர் புடவையால் வந்ததா, புடவைக்குப் பெயர் ஊரால் வந்ததா என்று தமிழாசிரியர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கலாம். வாதம் முடியுமுன் தறிகள் அருகிவிட்டன என்பதுதான் துயரம்.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். காரைக்காலின் இசுலாமியப் பெண்கள் வெளியே செல்லும்போது புடவைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி நடந்த காலம் ஒன்று இருந்தது. மாலை நேரத்தில் தெருவில் நாலைந்து வெள்ளைத் துப்பட்டிகள் சேர்ந்து நகர்வதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திரைப்படத்தின் வழியாக மட்டுமே 1950-களைக் கற்பனை செய்கிறவர்களின் நினைவில் அந்த வெள்ளைக்கு இடமில்லை. ஏக்கம் எப்போதும் சிலரை மறந்துவிட்டே நினைவுகொள்கிறது.

*

மறந்துவிடப்பட்டவர்களுள் முதலாமவர் வயலில் நின்ற பெண். அவரைப் பற்றிப் பேசாமல் காவிரிக் கடைமடையில் ஆடையைப் பற்றிப் பேசுவது முறையாகாது.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே. எச். ஹட்டன் 1946-இல் வெளிவந்த தம் 'இந்தியாவில் சாதி' என்ற நூலில் அவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது, சட்டை போடக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. பெண்கள் பூச்சூடக்கூடாது என்று நீளும் அப்பட்டியலில் ஒரு தடை நம் கட்டுரைக்கு நேரே உரியது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மறைக்கக்கூடாது என்பதே அது. ரவிக்கை, தாவணி என்ற இரு சொற்களும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல்லாண்டுகள் போராடி 1859-இல் அரசாணை பெற்றதும், அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போலவே உடுத்த அந்த ஆணை இடங்கொடுக்காததும் வரலாறு.

ஒருத்திக்கு அம்மாவின் புடவையிலிருந்து கிழித்துக் கிடைத்த தாவணி, இன்னொருத்திக்கு அடிபட்டுப் பெற்ற உரிமை. இரண்டும் ஒரே துணி.

குரும்பகரத்தில் எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியிடம் பழைய உடைகளைப் பற்றி ஒருமுறை பேசிக்கொண்டிருந்தோம். கீழத்தஞ்சையின் ஒரு சிற்றூரிலிருந்து இங்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். நடவும் களையெடுப்புமாக வாழ்ந்தவர். பஃப் கை ரவிக்கை நினைவிருக்கிறதா என்று கேட்டபோது சிரித்தார்.

"எங்கம்மா கடைசி வரைக்கும் ரவிக்கையே போட்டதில்ல டீச்சரம்மா. எனக்குத்தான் கல்யாணத்துக்குச் செவப்புல ஒண்ணு தச்சுக் குடுத்தாங்க. அதப் போட்டுக்கிட்டு ஆண்டை வீட்டு வாசப்பக்கம் போவையில மாராப்ப இழுத்து இழுத்து மூடிக்குவேன்."

"உடம்பு தெரியக்கூடாதென்றா?" என்று கேட்டோம்.

"இல்ல, ரவிக்கை தெரியக்கூடாதுன்னு."

நாணத்தின் அடையாளம், பெண்மையின் இலக்கணம் என்றெல்லாம் நாம் மாராப்பைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறோம். அந்த மூதாட்டியின் மாராப்பு மறைத்தது நாணத்தை அன்று, உரிமையை. பின்னர் கூலிப் போராட்டங்கள் வந்தன, செங்கொடி வந்தது, காலம் மாறியது. "அப்புறம் மூட மறந்துட்டேன்" என்று அவர் முடித்தார். அந்தச் சிவப்பு ரவிக்கையின் கை புடைத்திருந்ததா என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. அது புடைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் 1950-களின் ஆடைகளுள் மிகச் சிறந்தது அதுதான் என்று நமக்குப் படுகிறது.

*

பழைய ஆடைக்காக ஏங்குவோர் இருவகையினர். தைத்ததையும் மடித்ததையும் அம்மாவின் பெட்டியையும் நினைத்து ஏங்குவோர் ஒரு வகை. 'அக்காலத்துப் பெண்கள் எவ்வளவு அடக்கமாக உடுத்தினார்கள், இக்காலத்துப் பெண்கள் இப்படி ஆகிவிட்டார்களே' என்று ஏங்குவோர் மற்றொரு வகை. முன்னவர் துணியை நினைக்கிறார். பின்னவர் பெண்ணை அளக்கிறார். பின்னவர்க்கு நாம் மேலே சொன்ன வரலாறு பயன்படக்கூடும். அவர் போற்றும் மெல்லிய புடவையையும் புடைத்த கையையும் அன்றைய மூதாட்டிகளும் இப்படித்தான் பழித்திருப்பார்கள். பதினெட்டு முழத்தைக் கைவிட்டு ஆறு கெஜத்தில் புகுந்தவளை எந்த மாமியாரும் அடக்கமானவள் என்று சொல்லியிருக்க மாட்டார்.

மேலைநாட்டிலும் இதே கதைதான். போர்க்காலத் துணிப் பங்கீட்டுக்குப் பிறகு, 1947-இல் பாரிசில் கிறிஸ்தியான் தியோர் ஒடுங்கிய இடையும் அகன்ற பாவாடையுமாகப் புதிய தோற்றத்தை அறிமுகப்படுத்தியபோது, ஒருபுறம் வியந்தவர்களும் மறுபுறம் இவ்வளவு துணியை வீணாக்குவதா என்று எதிர்த்த பெண்களும் இருந்தார்கள். இன்று அந்த ஆடையை விரும்பி அணியும் அங்குள்ள இளம்பெண்கள், தங்களுக்கு வேண்டியது அந்தப் பாவாடைதானே தவிர அதை அணிந்த இல்லத்தரசியின் சமையலறைச் சிறை அன்று என்று சொல்கிறார்கள். நல்ல பதில் அது. நாமும் அதைச் சொல்லப் பழக வேண்டும்.

ஏனெனில் பாவாடை தாவணிக்கு நம்மிடையே இன்னொரு வேலையும் இருந்தது. பாவாடை சட்டை என்றால் சிறுமி. தாவணி என்றால் வயதுக்கு வந்தவள். புடவை என்றால் மணமானவள் அல்லது மணத்திற்கு நிற்பவள். பெண்ணுடலில் நிகழ்வதைத் தெருவுக்கு அறிவிக்கும் பலகையாக ஆடை இருந்தது. சடங்குக்குத் தாய்மாமன் சீராகப் பட்டு வந்த மகிழ்ச்சியோடு, மறுநாள் முதல் ஓடி விளையாட முடியாத துயரமும் சேர்ந்தே வந்தது. சுரிதார் வந்தபோது பெண்பிள்ளைகள் அதை அவ்வளவு விரைவாக ஏற்றதற்குக் காரணம் வடநாட்டு மோகம் மட்டும் அன்று. பன்னிரண்டு வயதிலும் நாற்பது வயதிலும் ஒரே ஆடை என்பது பெரிய விடுதலை. சைக்கிளை எண்ணிப் பாருங்கள். பின்சக்கரத்தில் வலை பின்னி, பாவாடையைத் தொடைக்கடியில் இடுக்கி, ஒரு கையால் தாவணியைப் பிடித்து மறு கையால் கைப்பிடியைப் பிடித்து ஓட்டிய தலைமுறை நம்முடையது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் புடவையோடும் தாவணியோடும் சைக்கிள் கற்றதை அன்றைய செய்தித்தாள்கள் வியந்து எழுதின. அவர்கள் கற்றது ஆடையின் உதவியால் அன்று, அதையும் மீறி.

இன்று நிலைமை என்ன? கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒருநாள் பொங்கல் விழாவுக்குப் பாவாடை தாவணியில் வரும்படி மாணவியரை அழைக்கிறோம். மற்ற நாள்களில் துப்பட்டாவின் இரு முனைகளிலும் ஊசி குத்தியிருக்கிறதா என்று வாயிலில் நிறுத்திப் பார்க்கும் கல்லூரிகளும் உண்டு. ஆசிரியைகள் புடவையில்தான் வர வேண்டும் என்பது பல இடங்களில் எழுதாத சட்டம். தமிழக அரசு 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்க்கு வெளியிட்ட ஆணையில் பெண்கள் புடவையோ துப்பட்டாவுடன் கூடிய சுரிதாரோ அணியலாம் என்று இடமளித்தது. கேரள அரசு 2021-இல், ஆசிரியைகளைப் புடவை அணியுமாறு கட்டாயப்படுத்தக்கூடாது என்று தெளிவாகவே அறிவித்தது. கட்டாயத்தின் பேரில் கட்டும்போது கூறைநாட்டுப் புடவையும் சீருடைதான்.

இந்த இடத்தில் காரைக்காலம்மையாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடக்கும்போது புனிதவதியாரை மணக்கோலத்தில் பட்டுடுத்திக் காண்கிறோம். ஆனால் சேக்கிழார் காட்டும் புனிதவதியார், தம் கணவன் தம்மைத் தெய்வமென வணங்கி விலகியபின், அவனுக்காகத் தாங்கியிருந்த அழகுடல் இனி எதற்கு என்று கேட்டு அதை உதறிப் பேயுருக் கொண்டவர். அழகு யாருக்காக என்று நம் ஊரில் முதலில் கேட்டவர் அவர்தான். பேயுருக் கொள்ளும் துணிவு நமக்கு வேண்டியதில்லை. கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

*

அப்படியானால் பழைய ஆடையை இன்று அணியலாமா? தாராளமாக அணியலாம். நாமும் அணிகிறோம். அம்மாச்சியின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த கட்டம்போட்ட கூறைப்புடவை ஒன்றை வகுப்புக்கே உடுத்திச் சென்றதுண்டு. அணிய விரும்புவோர்க்குச் சில குறிப்புகள் சொல்லலாம். பழம்பட்டு மடிப்பில்தான் முதலில் கிழியும். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடித்து வைக்க வேண்டும். வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விட வேண்டும். ஊசி குத்தினால் நைந்த இடத்தில் இழை விட்டுப்போகும். தோளில் ஊசி இல்லாமல் கட்டப் பழகுவது நல்லது. பழைய ரவிக்கையைப் பிரித்து அளவு கூட்ட முயல வேண்டாம். அதை மாதிரிக்கு வைத்துக்கொண்டு புதிதாகத் தைக்கக் கொடுப்பதே முறை.

தைப்பதுதான் கடினம். இக்காலத் தையற்கலைஞர்கள் பலர் பஃப் கை என்றால் உள்ளே கேன்வாஸ் வைத்துக் காற்றடித்த பந்தைப்போல் செய்துவிடுகிறார்கள். பழைய கையில் உள்துணி இல்லை. தோள்பட்டைப் பகுதியில் துணியைக் கூடுதலாக விட்டு, நூலோட்டிச் சுருக்கி, சுருக்கத்தைத் தோளின் மேற்புறம் மட்டும் நெருக்கி, கீழே ஒரு பட்டி வைத்து முடிப்பார்கள். புடைப்பு துணியின் விறைப்பால் வருவது. கஞ்சி குறைந்தால் சரிந்துவிடும். உடம்பு நீளமாக இடுப்பை ஒட்டி இறங்கும். கழுத்து ஏறியே இருக்கும். மெல்லிய பருத்தியில் தைத்தால் நம் கடற்கரைப் புழுக்கத்துக்கு அதைவிட இதமான கை வேறில்லை. அக்குளில் காற்று புகும்.

நாம் அப்படி உடுத்திச் சென்ற நாளில் ஒரு மாணவி கேட்டாள்: "அந்தக் காலத்துல தினமும் இப்படித்தான் இருப்பாங்களாம்மா? எல்லாருமா?"

அவள் கேட்ட இரண்டாவது கேள்விதான் முக்கியம். எல்லாரும் இல்லை. சிலர் இப்படி இருந்தார்கள். சிலருக்கு இப்படி இருக்கத் தடை இருந்தது. சிலர் தடையை மீறி ஒரு சிவப்பு ரவிக்கையைப் போட்டுக்கொண்டார்கள். அன்றைய வகுப்பில் பாடத்தை ஒதுக்கிவைத்து ஹட்டனின் பட்டியலைச் சொன்னோம். வகுப்பு அமைதியாயிற்று. தாவணி என்ற சொல் அப்பட்டியலில் வந்தபோது சிலர் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். தம் பாட்டியிடம் கேட்கிறேன் என்று ஒருத்தி சொன்னாள்.

அவர்கள் கேட்க வேண்டும் என்பதே நம் விருப்பம். வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தில் இருப்பவர்களைப் பற்றி மட்டும் அன்று, படமே எடுத்துக்கொள்ளாதவர்களைப் பற்றியும் கேட்க வேண்டும். அவர்கள் அன்று எதை உடுத்தினார்கள், எதை உடுத்த விடவில்லை, முதல் ரவிக்கை எப்போது வந்தது, யார் தைத்தது என்று எழுதி வைக்க வேண்டும். அந்தத் தலைமுறையில் இன்று நம்மிடையே இருப்பவர்கள் மிகச் சிலர். கேட்டபின் பொங்கலுக்குப் பாவாடை தாவணியோ, மறுநாள் சுரிதாரோ, அவரவர் விருப்பம் போல் அணிந்து வரட்டும். தாவணியைத் தடுத்தவர்களும் கட்டாயப்படுத்தியவர்களும் ஒரே வரிசையில் நிற்பவர்கள்தான் என்பது மட்டும் அவர்கள் நினைவில் இருந்தால் போதும்.